கடவுளைப் பற்றி ஐன்ஸ்டைன் சொன்னவை: எவை அவருடையவை, எவை ஒட்டவைத்தவை?

வகுப்பறை:

பள்ளி அறிவியல் மன்றப் பலகையில் ஐன்ஸ்டைனுக்கு ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறோம். பிள்ளைகள் வாட்ஸ்அப்பிலிருந்தும் இணையத்திலிருந்தும் திரட்டி வந்த வாசகங்களில் கடவுளைப் பற்றியவைதான் அதிகம். ஒன்றில் அவர் பக்திமான், அடுத்ததில் பச்சை நாத்திகர். எதற்கும் தேதியும் இல்லை, எங்கே சொன்னார் என்பதும் இல்லை. வந்தவை இவை:

1. கடவுள் பகடை ஆடுவதில்லை.
2. சமயமில்லாத அறிவியல் முடம், அறிவியலில்லாத சமயம் குருடு.
3. கடவுள் என்ற சொல் மனித பலவீனங்களின் வெளிப்பாடு, வேறொன்றுமில்லை.
4. கடவுள் இந்த உலகை எப்படிப் படைத்தார் என்று அறிய விரும்புகிறேன். அவருடைய எண்ணங்கள் தெரிந்தால் போதும், மற்றவை சில்லறை விவரங்கள்.
5. பகவத் கீதையைப் படித்துவிட்டு, கடவுள் பிரபஞ்சத்தைப் படைத்த விதத்தை எண்ணும்போது மற்ற எல்லாமே மிகையாகத் தோன்றுகிறது.
6. எதிர்காலத்தின் பிரபஞ்ச மதத்துக்கு வேண்டிய இலக்கணம் பௌத்தத்திடம் இருக்கிறது.
7. தற்செயல் என்பது கடவுள் தன் பெயரை மறைத்துக்கொள்ளும் வழி.
8. நாத்திகப் பேராசிரியரை "இருள் என்பது ஒளியின்மை, தீமை என்பது கடவுளின்மை" என்று மடக்கிய மாணவனின் கதை. "அந்த மாணவன்தான் ஐன்ஸ்டைன்" என்று முடியும்.

எவற்றை வைக்கலாம், எவற்றை எடுத்துவிடலாம்? "அப்படியானால் அவர் சாமி கும்பிடுவாரா மாட்டாரா சார்?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?

தாள்பூச்சி:

1, 2, 3 மூன்றும் அவர் எழுதியவை. 4 அவர் பேசியதாக இன்னொருவர் பிற்பாடு நினைவிலிருந்து எழுதியது. 5 முதல் 8 வரை நான்கையும் கழற்றிவிடுங்கள். ஆனால் அசலான மூன்றுமே நறுக்கப்பட்டுத்தான் உலவுகின்றன. அவற்றைப் பார்த்துவிடுவோம்.

முதல் வாசகம் 1926 டிசம்பர் 4 அன்று இயற்பியலாளர் மாக்ஸ் போர்னுக்கு ஜெர்மனில் எழுதிய கடிதத்திலிருந்து வருகிறது. அணு அளவிலான துகள்களை விளக்கும் குவாண்டம் இயக்கவியல் பெரிய சாதனைதான், ஆனால் இது அசல் சரக்கு இல்லை என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்கிறது என்கிறார். அந்தக் கோட்பாடு நிறையச் சொன்னாலும் 'அந்தக் கிழவரின்' (கடவுளைத்தான் அப்படிச் சொல்கிறார்) ரகசியத்துக்குப் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோகவில்லையாம். அவர் பகடை ஆடுவதில்லை என்பதில் மட்டும் தனக்கு உறுதி உண்டு என்று முடிக்கிறார். துகளின் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பான அலைச்சார்பை நிகழ்தகவாகப் பொருள்கொள்ளும் கருத்தை அதே ஆண்டில்தான் போர்ன் முன்வைத்திருந்தார். எலக்ட்ரான் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு வாய்ப்பளவு மட்டுமே சொல்ல முடியும், அதற்கு அடியில் வேறு விதி ஒளிந்திருக்கவில்லை என்ற நிலைப்பாட்டை மறுக்கத்தான் இந்தப் பகடை. 1944 செப்டம்பரில் அதே போர்னுக்கு எழுதும்போது இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார்: நீங்கள் பகடை ஆடும் கடவுளை நம்புகிறீர்கள், நானோ புறத்தே இருக்கும் உலகில் முழுமையான விதியையும் ஒழுங்கையும் நம்புகிறேன். இதைக் கோயில் வாசலில் எழுதி வைப்பது கடிதத்துக்குச் சம்பந்தமில்லாத வேலை.

இரண்டாவது, நியூயார்க்கில் 1940 செப்டம்பரில் அறிவியல், தத்துவம், சமயம் பற்றி நடந்த மாநாட்டுக்கு அவர் அளித்த கட்டுரையில் உள்ளது. அங்கே 'சமயம்' என்று அவர் சொல்வது வழிபாட்டை அல்ல. உண்மையை அறியவேண்டும் என்ற தவிப்பு, உலகின் விதிகள் அறிவுக்கு எட்டக்கூடியவை என்ற நம்பிக்கை, இவ்விரண்டும் சமயத்தின் பக்கமிருந்து வருகின்றன என்று சொல்லிவிட்டு, அதற்கு உவமையாகத்தான் முடம், குருடு என்கிறார். அதே கட்டுரையில் கொஞ்சம் தள்ளிப் போனால் அடுத்த குண்டு விழுகிறது. சமயத்துக்கும் அறிவியலுக்கும் இன்றுள்ள மோதலின் முக்கிய ஊற்று ஆளுருவான கடவுள், அதாவது மனிதரைப் போல எண்ணிச் செயல்படும் கடவுள், என்ற கருத்துதான் என்கிறார். மத போதகர்கள் அந்தக் கோட்பாட்டைக் கைவிடும் பெருந்தன்மைக்கு வரவேண்டும் என்றும் கேட்கிறார். அமெரிக்க மதகுருக்கள் பலர் அன்று கொதித்தது இந்தப் பகுதியைப் படித்துத்தான். இன்று முடம், குருடு வரியைப் பக்தர்கள் பகிர்கிறார்கள், அந்தப் பகுதியை யாரும் பகிர்வதில்லை.

மூன்றாவது, 1954 ஜனவரி 3 அன்று தத்துவ எழுத்தாளர் எரிக் குட்கிண்டுக்கு ஜெர்மனில் கைப்பட எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதம். குட்கிண்டின் நூலைப் படித்துவிட்டு எழுதியது. விவிலியம் மதிக்கத்தக்க, ஆனாலும் ஆதிகாலத்துக் கதைகளின் தொகுப்பு என்கிறார். தன் யூத மதத்தையும் விட்டுவைக்கவில்லை. 2008-ல் லண்டனிலும், 2018 டிசம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் நிறுவனத்திலும் ஏலம் போனது. இரண்டாம் முறை சுமார் 28.9 லட்சம் டாலர். சாவதற்குப் பதினைந்து மாதம் முன்பு எழுதியது என்பதால் "கடைசிக் காலத்தில் மனம் மாறினார்" என்ற கதைக்கு இதுவே பதில். ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தக் கடிதம் முழுக்க வெட்டும் தொனியில் இல்லை. நம்பிக்கையில் வேறுபட்டாலும் மனித நடத்தை பற்றிய அடிப்படை விஷயங்களில் நாம் இருவரும் நெருக்கமானவர்களே என்றும் எழுதியிருக்கிறார்.

நான்காவதை எழுதியவர் எஸ்தர் சலமன். பெர்லினில் இயற்பியல் படித்தவர். 1920-களில் நடந்த உரையாடலை, ஐன்ஸ்டைன் இறந்த பிறகு 1955 செப்டம்பரில் லண்டனின் 'தி லிஸனர்' இதழில் எழுதினார். சொல்லியிருக்கலாம், அவர் நடைக்கும் பொருந்துகிறது. ஆனால் சொற்கள் அவருடையவை என்று உறுதிகூற முடியாது. வைப்பதானால் "சலமனின் நினைவுப்படி" என்று சேருங்கள்.

7-க்கு ஐன்ஸ்டைன் எழுத்தில் எங்கும் ஆதாரம் இல்லை. இதே பொருள் கொண்ட வாசகம் 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபீல் கோத்தியேயிடம் உண்டு. 8 வெறும் மின்னஞ்சல் கதை. பெயரில்லாத மாணவனாக உலவியவனுக்குப் பின்னால்தான் பெயர் ஒட்டினார்கள். தமிழ்நாட்டில் அதே கதை அப்துல் கலாம் பெயரிலும் சுற்றுகிறது, அதை வைத்தே பிள்ளைகளுக்கு விளக்கிவிடலாம். தீமை என்பது நன்மையின் இன்மை என்ற வாதம் கிறித்தவ இறையியலில் புனித அகுஸ்தீன் காலத்திலிருந்து இருக்கிறது, இதில் இயற்பியல் கண்டுபிடிப்பு ஏதுமில்லை. போதாததற்கு, ஐன்ஸ்டைன் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருப்பது இதற்கு நேரெதிர். சிறு வயதில் ஆழ்ந்த பக்தி இருந்தது, பன்னிரண்டு வயதில் எளிய அறிவியல் நூல்களைப் படித்ததும் அது சட்டென்று முடிந்துவிட்டது என்கிறார்.

ஈரோட்டுக்காரன்:

அப்புறம் என்ன சுற்றி வளைப்பு? 3-ஐப் பெரிதாக எழுதி, கீழே "ஐன்ஸ்டைன் ஒரு நாத்திகர்" என்று போட்டுவிடுங்கள். 1954 மார்ச்சில் ஒருவருக்கு எழுதிய கடிதமும் இருக்கிறதே: என் மத நம்பிக்கை பற்றி நீங்கள் படித்தது பொய், திட்டமிட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பொய், ஆளுருவான கடவுளை நான் நம்பவில்லை, அதை என்றும் மறைத்ததும் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

கதிரலை:

தோழர், அந்தக் கடிதம் அசல்தான். ஆனால் நீங்களும் பாதியில் வெட்டிவிட்டீர்கள். அடுத்த வாக்கியத்தையும் சேருங்கள்: என்னிடம் சமயத்தன்மை என்று சொல்லத்தக்கது ஏதாவது இருந்தால், அது நம் அறிவியல் காட்டும் அளவுக்கு உலகின் அமைப்பின் மேல் எனக்குள்ள எல்லையற்ற வியப்புதான்.

நாத்திகர் என்ற பட்டத்தை அவரே ஏற்கவில்லை. அதற்கும் எழுத்துச் சான்று உண்டு. ஒரு ஜெஸூயிட் (கத்தோலிக்கத் துறவியர் சபை) பாதிரியார் ஐன்ஸ்டைனை மனம் மாற்றிவிட்டார் என்று கதை கிளம்பியபோது அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் அவரிடமே எழுதிக் கேட்டார். 1945 ஜூலையில் வந்த பதில்: நான் வாழ்நாளில் எந்த ஜெஸூயிட் பாதிரியாரிடமும் பேசியதில்லை, ஜெஸூயிட் பார்வையில் நான் எப்போதும் நாத்திகனே. இந்த வரியை உங்கள் தரப்பில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் "ஜெஸூயிட் பார்வையில்" என்பதை விட்டுவிடாதீர்கள். அதே நபருக்கு 1949 செப்டம்பரில் மீண்டும் எழுதுகிறார். ஆளுருவான கடவுள் என்பது குழந்தைத்தனமான கருத்து. என்னை அறியவொண்ணாவாதி (கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்) என்று வேண்டுமானால் சொல்லுங்கள். தொழில்முறை நாத்திகரின் போர்க்குணத்தில் எனக்குப் பங்கில்லை. இயற்கையையும் நம்மையும் புரிந்துகொள்வதில் நம் அறிவு எவ்வளவு பலவீனமானது என்பதை உணர்ந்த பணிவே தனக்குப் பிடித்தது என்று முடிக்கிறார்.

பிள்ளைகள் கேட்கும் "கும்பிடுவாரா மாட்டாரா" என்பதற்கு மிக நேரான பதில் 1929 ஏப்ரலில் இருக்கிறது. பாஸ்டன் பேராயர், கார்டினல் ஓகானல், சார்பியல் கோட்பாட்டுக்குள் நாத்திகப் பேய் ஒளிந்திருக்கிறது என்று பேசினார். உடனே நியூயார்க் யூத மதகுரு ஹெர்பர்ட் கோல்ட்ஸ்டைன் பெர்லினுக்குத் தந்தி கொடுத்தார்: "கடவுளை நம்புகிறீரா? பதிலுக்குப் பணம் கட்டியாயிற்று. 50 சொற்கள்." ஐன்ஸ்டைன் ஏறக்குறைய பாதிச் சொற்களிலேயே முடித்துவிட்டார்: "உலகின் ஒழுங்கமைந்த இசைவில் தன்னை வெளிப்படுத்தும் ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன், மனிதர்களின் விதியிலும் செயல்களிலும் அக்கறை காட்டும் கடவுளை அல்ல."

இந்தத் தந்தியும் நறுக்குக்குத் தப்பவில்லை. காற்புள்ளிக்கு முந்திய பகுதி ஒரு கட்சிக்கு, பிந்திய பகுதி இன்னொரு கட்சிக்கு. ஸ்பினோசா யார் என்பது தெரியாமல் முதல் பகுதி விளங்காது. 17-ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாம் யூதர். 1656-ல், 23 வயதில், யூத சமூகம் அவரை விலக்கி வைத்தது. கடவுளும் இயற்கையும் ஒன்றே என்பது அவர் நிலை. உலகத்துக்கு வெளியே உட்கார்ந்து வரம் தருபவர், தண்டிப்பவர் யாரும் அவர் தத்துவத்தில் இல்லை. எல்லாம் காரண காரிய விதிப்படி நடக்கிறது. ஐன்ஸ்டைன் பெர்னில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்திலேயே நண்பர்களோடு ஸ்பினோசாவின் 'எதிக்ஸ்' நூலைப் படித்தவர். பகடையை ஏற்காத பிடிவாதமும் பிரார்த்தனையை ஏற்காத பிடிவாதமும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. விதிகளுக்கு விலக்கு கிடையாது, அவ்வளவுதான்.

பள்ளிக்கு மிகப் பொருத்தமான கடிதமும் ஒன்று உண்டு. "விஞ்ஞானிகள் பிரார்த்தனை செய்வார்களா?" என்று ஓர் ஆறாம் வகுப்பு மாணவி கேட்டதற்கு 1936 ஜனவரி 24 அன்று எழுதிய பதில். நிகழ்வுகளைப் பிரார்த்தனை மாற்றும் என்று ஆராய்ச்சியாளர் ஒருவர் நம்புவது அரிது என்று முதலில் சொல்கிறார். பிறகு, அறிவியலில் ஆழ்ந்து ஈடுபடும் எவருக்கும் பிரபஞ்ச விதிகளில் மனிதனைவிட மிக உயர்ந்த ஓர் ஆன்மா வெளிப்படுகிறது என்ற உறுதி ஏற்படும் என்கிறார். முகநூலில் இந்த இரண்டாம் பகுதிதான் சுற்றுகிறது. முதல் பகுதியோடு சேர்த்து வையுங்கள்.

நிலாமுற்றம்:

கீதை வாசகம் பொய் என்கிறீர்கள், சரி. ஆனால் பல புத்தகங்களிலேயே அச்சாகியிருக்கிறதே? பௌத்தம் பற்றியும் அவர் எழுதியிருப்பதாகத்தான் படித்த ஞாபகம். "எண்ணக் கற்றுக்கொடுத்த இந்தியர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்" என்பதும் அவர் சொன்னதுதானே?

தாள்பூச்சி:

புத்தகத்தில் அச்சானது சான்று ஆகாதுங்க. அந்தப் புத்தகம் எந்தக் கடிதத்தை, எந்த உரையைக் காட்டுகிறது என்று அடிக்குறிப்பைப் பாருங்கள். கீதைக்கும் "எண்ணக் கற்றுக்கொடுத்த" வாசகத்துக்கும் அந்த இடம் காலியாகவே இருக்கும், அல்லது அதே போல் காலியான இன்னொரு நூலைக் காட்டும். கீதையோடு உண்மையான தொடர்புள்ள இயற்பியலாளர் ஆப்பன்ஹைமர். பெர்க்லியில் ஆர்தர் ரைடரிடம் சமஸ்கிருதம் கற்று மூலத்திலேயே படித்தவர். அணுகுண்டுச் சோதனையைப் பற்றிப் பேசும்போது 11-ஆம் அத்தியாயத்தின் "நானே காலன்" வரியைத் தொலைக்காட்சிப் படத்தில் சொன்னதும் அவரே. அந்தப் புகழ் கைமாறி ஐன்ஸ்டைனிடம் வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம்.

பௌத்தத்தில் உங்கள் ஞாபகம் பாதி சரி. 1930 நவம்பர் 9 நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் 'சமயமும் அறிவியலும்' என்ற கட்டுரை எழுதினார். சமய உணர்வை மூன்று படிகளாகப் பிரிக்கிறார். அச்சத்தில் பிறந்தது, ஒழுக்கத்தையும் சமூகத்தையும் சார்ந்தது, கடைசியாகப் பிரபஞ்ச சமய உணர்வு. இந்த மூன்றாவதில் மனித உருவில் கடவுள் இல்லை, கோட்பாடுகளும் இல்லை. அதன் தொடக்கம் விவிலியத்தில் உள்ள தாவீதின் சங்கீதங்களிலேயே தெரிகிறது, பௌத்தத்தில் இன்னும் வலுவாக இருக்கிறது, அதை ஜெர்மன் தத்துவவாதி ஷோபன்ஹவரின் எழுத்திலிருந்து அறிகிறோம் என்று ஒரே ஒரு வாக்கியம். பலகைக்கு வந்த 6-ஆம் வாசகம் இந்த ஒரு வாக்கியத்தை ஊதிப் பெருக்கிய பலூன். எதிர்கால மதம், ஆளுருவான கடவுளைக் கடந்தது என்றெல்லாம் ஒரு பத்தியாகவே வளர்ந்துவிட்டது. அந்தப் பத்தி அவர் எழுத்துகளில் எங்கும் இல்லை.

இந்தியத் தொடர்பு வேண்டுமென்றால் அசலானதே இருக்கிறது. 1930 ஜூலை 14 அன்று பெர்லினுக்கு அருகே காபுத் ஊரில் இருந்த அவர் வீட்டுக்குத் தாகூர் வந்தார். மனிதர் இல்லாவிட்டால் உண்மையும் அழகும் இருக்குமா என்பது பேச்சு. உண்மை மனித மனத்தைச் சார்ந்தது என்கிறார் தாகூர். யாரும் பார்க்காவிட்டாலும் மேசை அங்கேதான் இருக்கும் என்ற பக்கம் ஐன்ஸ்டைன். அதற்கு நிரூபணம் தர முடியாது, ஆனால் அதுவே என் சமயம் என்ற போக்கில் பேசி, "அப்படியானால் உங்களைவிட நான்தான் அதிக சமயவாதி!" என்று சொல்கிறார். உரையாடல் அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸில் வெளியானது. 'சமயம்' என்ற சொல்லை அவர் எந்தப் பொருளில் கையாண்டார் என்று காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

வகுப்பறை:

மிக்க நன்றி. இனி புதிதாக ஒரு வாசகம் வந்தால் பிள்ளைகளே சரிபார்க்க முடியுமா? பள்ளியில் இணையம் உண்டு, பெரிய நூலகம் இல்லை.

கதிரலை:

முடியும். ஒரு வாசகத்துக்கு அரை மணி நேரம் போதும்.

முதலில் நான்கு விவரம் கேட்கச் சொல்லுங்கள்: யாருக்கு, எந்தத் தேதி, எந்த மொழியில், முதலில் எங்கே அச்சானது. அழகான படத்தோடு வரும் மேற்கோள் தளங்களில் இந்த நான்கும் இருக்காது, எனவே அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். ஆங்கில விக்கிமேற்கோளில் ஐன்ஸ்டைன் பக்கத்தைத் திறந்து கீழே போனால் ஐயத்துக்குரியவை, தவறாகச் சேர்த்தவை என்று தனிப் பகுதிகள் உண்டு. உலவும் போலிகளில் பெரும்பாலானவை அங்கேயே அகப்பட்டுவிடும். அடுத்து கோட் இன்வெஸ்டிகேட்டர் தளம். ஒரு வாசகம் அச்சில் முதலில் தோன்றிய இடத்திலிருந்து ஆண்டு வரிசையாகக் காட்டுவார்கள். தேனீக்கள் அழிந்தால் மனிதனுக்கு நான்கே ஆண்டு என்ற வாசகம் 1960-களின் நடுவில் தேனீ வளர்ப்பு இதழ்களில்தான் ஐன்ஸ்டைன் பெயரோடு தென்படுகிறது என்பதெல்லாம் இப்படித் தெரிந்தவைதான். ஆள் 1955-லேயே போய்விட்டார்.

மூலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அச்சகத்தின் 'ஐன்ஸ்டைன் தொகுப்பு ஆவணங்கள்' 2014 டிசம்பர் முதல் இணையத்தில் இலவசம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தொகுதிகள் கால வரிசையில் வருகின்றன, இன்னும் அவருடைய கடைசி இருபது ஆண்டுகளை எட்டவில்லை. எனவே 1954 கடிதத்தை அங்கே தேடினால் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதால் போலி என்று எழுதிவிடக் கூடாது. அந்தக் காலத்துக்கு ஆலிஸ் கலாப்ரிஸ் தொகுத்த மேற்கோள் நூல்தான் கை கொடுக்கும். பலவற்றுக்கும் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக ஆவணக் காப்பக எண்ணைத் தருகிறது, போலிகளுக்கும் தனிப் பகுதி வைத்திருக்கிறது.

இன்னொரு சறுக்கல் கூகுள் புக்ஸ். சிறு துண்டு மட்டும் காட்டும் பழைய இதழ்களில், அந்த இதழ் தொடங்கிய ஆண்டையே எல்லாத் தொகுதிக்கும் போட்டுவிடும் பழக்கம் அதற்கு உண்டு. 1930 என்று காட்டும் பக்கம் 1985 ஆக இருக்கலாம். துண்டுக்குள்ளேயே வேறு ஏதாவது ஆண்டு தென்படுகிறதா என்று தேடிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அவர் கடைசி வரை பெரும்பாலும் ஜெர்மனில்தான் எழுதினார் என்பதும் ஒரு துப்பு. ஜெர்மன் வடிவமே இல்லாத ஆங்கில வாசகத்தைச் சந்தேகியுங்கள். ஆனால் ஆங்கிலக் கடிதங்களும் உண்டு, இதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

பேட்டிகள் தனி ரகம். கற்பனை அறிவைவிட முக்கியம் என்பது 1929 அக்டோபரில் 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழில் வீரெக் எடுத்த பேட்டியில் வந்தது, எனவே தேதி சொல்லலாம். ஆனாலும் பேட்டியாளரின் எழுத்து வழியாக வந்த சொற்கள் என்பதை மறக்க வேண்டாம். பகடைக்குப் பதிலாக டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் "கடவுளுக்கு யோசனை சொல்வதை நிறுத்துங்கள்" என்றதும் இந்த ரகம்தான், மற்றவர்கள் நினைவுகூர்ந்தது.

ஈரோட்டுக்காரன்:

சரி, நாத்திகர் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் "ஆன்மீகவாதி" என்றும் யாரும் போட்டுவிடாதீர்கள். வளர்ந்த பிறகு சடங்கு பக்கம் அவர் போகவில்லை. 1955 ஏப்ரல் 18 அன்று இறந்தார், அன்றைக்கே டிரென்டனில் மதச் சடங்கு எதுவுமில்லாமல் எரியூட்டினார்கள். சாம்பலைத் தூவிய இடத்தைக்கூட வெளியே சொல்லவில்லை.

வகுப்பறை:

பலகையில் மூன்றுக்குத்தான் இடம் இருக்கும் போலிருக்கிறது. எந்த மூன்று?

தாள்பூச்சி:

1929 தந்தி, 1936 மாணவிக்கு எழுதிய கடிதம், பகடை. தந்தியில் ஒரு சொல்லையும் குறைக்காதீர்கள், முழுதும் இரண்டே வரிதான். மாணவியின் கடிதத்தை இரண்டு பகுதியும் வருகிறபடி எடுத்து, வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள். பகடைக்குக் கீழே "மாக்ஸ் போர்னுக்குக் கடிதம், 4 டிசம்பர் 1926, ஜெர்மனிலிருந்து தமிழில்" என்று எழுதி, பக்கத்தில் "குவாண்டம் இயக்கவியலின் நிகழ்தகவு விளக்கத்தை மறுத்து எழுதியது" என்ற ஒரு வரியைச் சேருங்கள். அந்த வரி இல்லையென்றால் மறுநாளே யாராவது அதைப் படமெடுத்துக் காலை வணக்கத்தோடு அனுப்பிவிடுவார்கள்.

நான்காவதற்கு இடம் கிடைத்தால், பிரின்ஸ்டனில் ஒரு கணப்படுப்புக்கு மேல் ஜெர்மனில் செதுக்கியிருக்கும் வாசகத்தை வையுங்கள்: "ஆண்டவர் சூட்சுமக்காரர், ஆனால் வஞ்சகர் அல்ல." ஒளி பரவும் ஊடகம் என்று முன்பு கருதப்பட்ட ஈதரின் காற்றைக் கண்டுவிட்டதாக டேட்டன் மில்லரின் சோதனைச் செய்தி வந்தபோது, 1921 மே மாதம் அங்கே சொன்னது. 1930-ல் கணிதப் பேராசிரியர் வெப்லன் கல்லில் பொறிக்க அனுமதி கேட்டார், ஐன்ஸ்டைன் தந்தார். இயற்கை தன் ரகசியத்தை மறைப்பது அதன் மேன்மையால்தான், சூழ்ச்சியால் அல்ல என்று விளக்கமும் எழுதி அனுப்பினார். அந்த விளக்கத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.